நீர்க்கோட்டைகளின் நாடு – 6: புத்தகப் பெட்டிக்குள் ஒரு கைதி

ஹாலந்தில் கல் கிடையாது. தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் தண்ணீர். ஆகவே அங்கே கோட்டை கட்ட நினைத்த பிரபுக்கள் ஆற்றங்கரை மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுத்துச் சூளை போட்டார்கள். ஆர்டென் மலைப்பக்கத்துக் கல் மாஸ் நதி வழியாகவும், எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் கல் ரைன் நதி வழியாகவும் படகேறி வந்தது உண்டு. ஆனால் ஏற்றுக்கூலி கட்டுப்படியாகாது. ஜன்னல் விளிம்புக்கும் மூலைக்கட்டுக்கும் கொஞ்சம் கல் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் செங்கல்லிலேயே எழுப்பினார்கள்.

மலையும் கிடையாது. தெற்கே பெல்ஜியத்துக்குள் போய் ஆர்டென் காட்டுப்பகுதியில் புய்யோன் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும். அங்கே செமுவா ஆறு ஒரு நீண்ட பாறை முதுகை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பாறையைக் குடைந்தும் செதுக்கியும் அதன்மேல் கோட்டையைக் கட்டியிருக்கிறார்கள். முதலாம் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட காட்ஃப்ரே, வழிச்செலவுக்காக இந்தக் கோட்டையை லியேஜ் ஆயரிடம் அடகு வைத்தார். 1099இல் ஜெருசலேம் விழுந்தது, மறு ஆண்டே அவர் அங்கே இறந்துபோனார், கோட்டை ஆயர்களுக்கே தங்கிவிட்டது. பாறையை அடகு வைக்கலாம். ஹாலந்துப் பிரபுக்களிடம் இருந்ததெல்லாம் தண்ணீர். அதை எந்த ஆயர் அடகு பிடிப்பார்?

அந்தத் தண்ணீரையே மதிலாக்கிக்கொண்ட கோட்டைகளில் ஒன்றை, ஃபெக்ட் ஆற்று முகத்துவாரத்து மவுடன் கோட்டையை, சென்ற பகுதியில் பார்த்தோம். அதைக் கட்டிய ஐந்தாம் ஃபுளோரிஸ் 1296இல் அதே கோட்டையில் அடைக்கப்பட்டு, தன் சொந்தப் பிரபுக்களால் கொல்லப்பட்டார். குடியானவர்கள் மீட்க வந்தார்கள், மீட்க முடியவில்லை. இந்தப் பகுதியிலும் ஒரு கோட்டை, ஒரு கைதி. ஆனால் இவரை மீட்க ஊர் திரளவில்லை. இரண்டு பெண்கள் போதுமானதாக இருந்தது.

மாஸ் நதியும் வால் நதியும் கலக்கும் முனையில் நிற்கிறது லூவெஸ்டைன் கோட்டை. இன்று அது கெல்டர்லாந்து மாகாணத்தின் மேற்கு ஓரம். சாலை வழியாகப் போனால் சுற்றிக்கொண்டு வரவேண்டும். கோடையில் எதிர்க்கரையிலுள்ள கொரிங்கெம், வௌட்ரிகெம் ஊர்களிலிருந்து ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொள்ளும் சிறு படகு விடுகிறார்கள். எப்படிப் போனாலும் பாதி வழி ஈர நிலம்தான். வால் நதிக்குப் பெருக இடம் வேண்டும் என்று 2010களில் இங்கிருந்த கரையைப் பின்னுக்குத் தள்ளிவைத்தார்கள். வெள்ளக்காலத்தில் கோட்டையைச் சுற்றியுள்ள புல்வெளி ஆறாகிவிடும். கட்டியவர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கட்டியவர் டிர்க் லூஃப் வான் ஹோர்ன் என்ற குதிரைவீரப் பிரபு. 1360ஐ ஒட்டிய ஆண்டுகள். கோட்டைக்குப் பெயரே அவருடையதுதான். அவர் இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் வீரத்தைவிடக் கணக்கே அதிகம். ஜெர்மனியிலிருந்து இறங்கும் மரமும் திராட்சை மதுவும், கடலிலிருந்து ஏறும் உப்பும் மீனும் இந்த முனையைத் தொடாமல் போக முடியாது. கரையில் ஒரு செங்கல் கோபுரமும் சில வில்லாளிகளும் இருந்தால் சுங்கம் தானாக வந்து விழும். அந்தக் காலத்து வணிகர்களுக்கு அது சுங்கமாகத் தெரிந்ததா கொள்ளையாகத் தெரிந்ததா என்பதை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன். சில பத்தாண்டுகளுக்குள் கோட்டை ஹாலந்துக் கோமகன்களின் கைக்குப் போனது.

ஸ்பெயினுக்கு எதிரான கலகம் மூண்டபோது இந்தக் கோட்டைக்கு ஒரு நாயகன் கிடைத்தான். ஹெர்மன் டி ரௌட்டர், மாட்டு வியாபாரி. 1570 டிசம்பரில் சொற்ப ஆட்களோடு துறவி வேடத்தில் வந்து, ஒரு குளிர்கால இரவுக்கு ஒதுங்க இடம் கேட்டு உள்ளே நுழைந்து, ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் பெயரால் கோட்டையைப் பிடித்துக்கொண்டான். பத்து நாள் அளவுக்குத்தான் தாங்க முடிந்தது. ஸ்பானியப் படை திரும்பி வந்தபோது வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தன்னோடு சேர்த்துப் பலரையும் அழித்தான் என்பது டச்சுப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கதை. கதையில் பாதியைக் கழித்தாலும் அவன் தைரியசாலிதான். ஆனாலும் லூவெஸ்டைன் என்றதும் டச்சுக்காரர் யாரும் முதலில் அவனை நினைப்பதில்லை. ஒரு மரப்பெட்டியைத்தான் நினைக்கிறார்கள்.

பெட்டிக் கதைக்குப் போகுமுன் ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அது இறையியல் சண்டை. யாருக்கு மீட்பு, யாருக்கு நரகம் என்பதைக் கடவுள் முன்கூட்டியே எழுதிவிட்டாரா, மனிதன் பங்கு ஏதாவது உண்டா? லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் அர்மீனியஸும் கோமாரஸும் இதில் முட்டிக்கொண்டார்கள். 1609இல் அர்மீனியஸ் இறந்தார், சண்டை இறக்கவில்லை. மறு ஆண்டு அவருடைய சீடர்கள் தங்கள் தரப்பை மனுவாக எழுதிக் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல அரசியல் அதற்குள் நுழைந்தது. ஸ்பெயினோடு 1609இல் பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் செய்து முடித்த மூத்த ராஜதந்திரி ஓல்டன்பார்னவெல்ட் அர்மீனியர் பக்கம் சாய்ந்தார். போர்நிறுத்தத்தை வெறுத்த படைத்தலைவர் மவுரிட்ஸ் இளவரசர் எதிர்ப்பக்கம் நின்றார். 1617இல், நகரங்கள் தங்கள் காவலுக்குச் சொந்தமாகச் சிப்பாய்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஹாலந்துச் சபை தீர்மானம் போட்டது. படையைக் கையில் வைத்திருப்பவரின் பொறுமையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

1618 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹேக் நகரில் கைதுகள் நடந்தன. மறு ஆண்டு மே 13இல், 71 வயது ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை வெட்டப்பட்டது. அவரோடு கைதானவர்களில் ஒருவருக்கு ஐந்து நாள் கழித்து ஆயுள் சிறை. அவர்தான் ராட்டர்டாம் நகரின் சட்ட ஆலோசகர் ஹூகோ டி குரோட். லத்தீன் உலகத்துக்கு ஹியூகோ குரோஷியஸ்.

அப்போது அவருக்கு வயது 36. டெல்ஃப்ட்டில் பிறந்து, பதினொரு வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். பதினைந்து வயதில் தூதுக்குழுவோடு பாரிஸ் போய் பிரெஞ்சு அரசரையே வியக்கவைத்தவர். நம் கடற்கரையோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1603இல் சிங்கப்பூர் பக்கத்தில் போர்த்துக்கீசியரின் ‘சாந்தா கத்தரினா’ கப்பலை டச்சுக்காரர்கள் மடக்கி, சரக்கோடு இழுத்துவந்தார்கள். அது கொள்ளையல்ல, நியாயமான போர்ப்பேறு என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாதாடி எழுதிக்கொடுத்த இளம் வக்கீல் குரோஷியஸ். அந்த எழுத்தின் ஓர் அத்தியாயம்தான் 1609இல் தனி நூலாக வந்த ‘மாரே லிபரம்’. கடல் எவனுக்கும் சொந்தமில்லை, கீழ்த்திசை நாடுகளோடு வியாபாரம் செய்ய யாருக்கும் உரிமை உண்டு என்பது அதன் வாதம். கம்பெனி அந்த உரிமையை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்குப் பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கோட்டை சாட்சி. அதற்கு வைத்த பெயர் கெல்ட்ரியா. லூவெஸ்டைன் இன்று எந்த மாகாணத்தில் இருக்கிறதோ, அந்த மாகாணத்தின் பெயர்தான்.

கடல் எல்லாருக்கும் பொது என்று எழுதியவரை 1619 ஜூனில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். அரசியல் கைதிகளுக்கான சிறையாக லூவெஸ்டைன் மாறியது அந்த ஆண்டில்தான்.

சிறை என்றதும் இருட்டறையையும் சங்கிலியையும் கற்பனை செய்ய வேண்டாம். கோட்டையின் மேல்தளத்தில் அறைகள் கொடுத்தார்கள். கெஞ்சியும் மிஞ்சியும் கேட்டு, அவர் மனைவி மரியா வான் ரைகர்ஸ்பெர்க் பிள்ளைகளோடு கூடவே குடிவந்துவிட்டார். எல்ஷே என்ற பணிப்பெண்ணும் வந்தாள், வயது இருபதை ஒட்டி. மரியாவும் எல்ஷேவும் கொரிங்கெம் சந்தைக்குப் படகில் போய்வரலாம், குரோஷியஸ் வாசற்படி தாண்டக்கூடாது. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவருக்கு உடம்பு அசைய வேண்டுமே. பெரிய பம்பரம் ஒன்றை வரவழைத்து அறைக்குள்ளேயே சுழலவிட்டுச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பிற்காலம் கொண்டாடிய மனிதர், பூட்டிய அறையில் வியர்க்க விறுவிறுக்கப் பம்பரம் அடித்துக்கொண்டிருந்தார் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

புத்தகம் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. லைடனில் அரபு மொழிப் பேராசிரியராக இருந்த எர்ப்பேனியஸ், அவரே கொரிங்கெம் ஊர்க்காரர், நண்பர்களோடு சேர்ந்து நூல்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். கொரிங்கெமில் டாட்செலார் என்ற வணிகரின் வீட்டில் அவை இறங்கும். அங்கிருந்து ஒரு பெரிய மரப்பெட்டியில் படகேறிக் கோட்டைக்கு வரும். படித்து முடித்தவையும் அழுக்குத் துணியும் அதே பெட்டியில் திரும்பிப் போகும். ஆரம்பத்தில் காவலர்கள் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நூலாகக் கிளறிப் பார்த்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் ஹீப்ருவும் எத்தனை மாதம்தான் ஒரு சிப்பாயின் ஆர்வத்தைக் கிளப்பும்? நாளடைவில் திறப்பதையே விட்டுவிட்டார்கள். அதைக் கவனித்தது குரோஷியஸ் அல்ல, மரியா.

யோசனை மரியாவுடையது. ஒத்திகையும் அவர் வைத்ததுதான். கணவரைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடியின்மேல் தான் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்க முடிகிறது என்று பல நாள் சோதித்துப் பார்த்தார். நாளையும் பார்த்துத்தான் குறித்தார். 1621 மார்ச் 22, திங்கட்கிழமை. கொரிங்கெமில் சந்தைத் திருவிழா, ஊர் நிறைய வெளியூர் முகங்கள். கோட்டைக் காவல் அதிகாரி வெளியூர் போயிருந்தார். முந்தைய நாட்களிலேயே மரியா அதிகாரியின் மனைவியிடம் பேச்சுக் கொடுத்து வைத்திருந்தார்: இவர் படித்துப் படித்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார், அந்த நூல்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிடப்போகிறேன்.

காலையில் குரோஷியஸ் உள்ளாடையோடு பெட்டிக்குள் இறங்கினார். தலைக்கு அணையாகப் புதிய ஏற்பாடு நூல். காற்றுக்குச் சாவித்துவாரம் ஒன்றுதான். மரியா பெட்டியைப் பூட்டினார். கணவரின் மேலாடைகளைக் கட்டிலருகே நாற்காலியில் போட்டு, கட்டில் திரைகளை இழுத்துவிட்டு, அவர் காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சிப்பாய்களிடம் சொன்னார். பெட்டியைத் தூக்கியவர்கள் கனம் தாங்காமல், உள்ளே அர்மீனியன் எவனாவது இருக்கிறானா என்று கேலி பேசினார்களாம். அர்மீனியர் நூல்கள்தான், கனமாகத்தான் இருக்கும் என்றாராம் மரியா. இந்த உரையாடல்கள் எல்லாம் பின்னால் எழுதிவைக்கப்பட்டவை. சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தேதி, பெட்டி, படகு, எல்ஷே ஆகியவற்றில் சந்தேகமில்லை.

எல்ஷேதான் பெட்டியோடு போனவள். அன்று காற்று பலமாக அடித்தது. படகு ஆடினால் பெட்டி சரிந்து ஆற்றுக்குள் போய்விடும் என்று பயந்து, அதைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னாள். பயம் புத்தகங்களுக்காக என்று படகுக்காரன் நினைத்திருப்பான். அகலமான ஆறு, எதிர்க்காற்று, காலடியில் பூட்டிய பெட்டி. இருபது வயதுப் பெண் அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கத் தோன்றாமல் போனதற்குக் காரணம் அவள் பணிப்பெண் என்பதுதான். மாட்டியிருந்தால் குரோஷியஸுக்குப் பழைய தண்டனைதான் திரும்பியிருக்கும். இவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொரிங்கெம் கரையில் இறக்கிய பெட்டியை டாட்செலார் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உள்ளே கிடந்தவர் வெளியே வந்தார். வீட்டுக்காரர் நடுங்கிப்போய் இதில் தனக்குச் சம்பந்தமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள, காரியத்தைக் கையில் எடுத்தவர் வீட்டுக்காரி. கொத்தனார் உடை வந்தது, கையில் கரண்டியும் அளவுகோலும். பேனா பிடித்த வெளுத்த விரல்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்று சுண்ணாம்பைத் தேய்த்தார்கள் என்பார்கள். திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, ஆறு கடந்து, வால்வைக் வழியாக பிரபாண்ட் பகுதிக்குள் நுழைந்து ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தார். அது ஸ்பானிய ஆட்சிக்குட்பட்ட மண், இன்றைய பெல்ஜியம். போர்நிறுத்தம் முடியச் சில வாரங்களே இருந்தன. அதற்கு மேல் தாமதித்திருந்தால் எதிரி நாட்டுக்கு ஓடியவன் என்ற பட்டமும் சேர்ந்திருக்கும்.

மரியா கோட்டையிலேயே இருந்தார். கணவர் தப்பிப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று உறுதியான பிறகுதான் உண்மையை ஒப்புக்கொண்டார். என்ன செய்வது என்று அதிகாரிகளுக்கே குழப்பம். இரண்டு வாரம் போல வைத்திருந்துவிட்டு விட்டுவிட்டார்கள். மனைவி கணவனை விடுவிப்பதற்குத் தண்டனை கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் பாரிஸ் போய்க் கணவரோடு சேர்ந்துகொண்டார். அங்கேதான் 1625இல் போர், சமாதானம் இரண்டின் சட்டத்தையும் பற்றிய பெருநூலைக் குரோஷியஸ் வெளியிட்டார். 1631இல் ஆசைப்பட்டு ஊர் திரும்பினார். மறுபடி பிடிக்க உத்தரவு வந்ததால் மறு ஆண்டே ஓட வேண்டியதாயிற்று. பிறகு ஸ்வீடனின் தூதராகப் பாரிஸில் பத்தாண்டு. 1645இல் கப்பல் விபத்தில் தப்பிக் கரையேறி, ரோஸ்டாக் நகரில் இறந்தார். உடல்தான் டெல்ஃப்ட் திரும்பியது.

பெட்டிக் கதையின் ருசியில் எல்லாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஆண்டும் அவர் அந்த அறையில் சும்மா இருக்கவில்லை. ஹாலந்துச் சட்டம் முழுவதையும் மனிதர், பொருள், கடப்பாடு என்று வகுத்து, லத்தீனில் அல்லாமல் டச்சு மொழியில் ஒரு நூலாக எழுதினார். 1631இல்தான் அச்சேறியது. ரோமானியச் சட்டமும் ஹாலந்து வழக்கமும் கலந்த இந்த ரோமன்–டச்சுச் சட்டம் கம்பெனிக் கப்பலில் ஏறிக் கிழக்கே வந்தது. 1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் திரட்டித் தேசவழமை என்று தொகுத்தவர் கிளாஸ் ஐசக்ஸ் என்ற டச்சு திசாவைதான். தேசவழமை சொல்லாத இடத்தில் ரோமன்–டச்சுச் சட்டம் நின்றது. 1799இல் ஆங்கிலேயர் அதையே தொடர விட்டார்கள். இன்றைக்கும் இலங்கையில் எழுதப்பட்ட சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் நீதிபதிகள் ரோமன்–டச்சுச் சட்டத்தைத்தான் தேடிப் போகிறார்கள். தேடும் நூல்களில் ஒன்று இந்தக் கோட்டை அறையில் எழுதப்பட்டது. சாகசக் கதையைவிட இதுதான் பெரிய தப்பித்தல் என்பது என் கட்சி. ஆனால் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சட்ட நூலைக் காட்டி என்ன செய்வது?

அதனால் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் பெட்டி ஒன்றல்ல. லூவெஸ்டைனில் ஒன்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று. டெல்ஃப்ட்டின் பிரின்சன்ஹோஃப் அருங்காட்சியகத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. மூன்றுக்குள்ளும் ஒரே குரோஷியஸ் படுத்திருக்க முடியாது. எது நிஜம் என்று டச்சுக்காரர்கள் இன்னமும் சலிக்காமல் வாதாடுகிறார்கள்.

சிறை வேலை அவரோடு முடியவில்லை. 1650இல் இரண்டாம் வில்லியம் இளவரசர், தன்னை எதிர்த்த ஹாலந்துப் பிரமுகர்கள் ஆறு பேரை இங்கே அடைத்தார். அவர்களில் ஒருவர் யாக்கோப் டி விட். அவருடைய மகன் யோஹான் பின்னால் நாட்டையே நடத்தியபோது, ஆரஞ்சு வம்சத்தை எதிர்த்த அந்த அணிக்கு லூவெஸ்டைன் கட்சி என்றே பெயர் விழுந்தது. 1666இல் நான்கு நாள் கடற்போரில் பிடிபட்ட ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் அய்ஸ்கூவும் இங்கே வந்து இருந்துவிட்டுப் போனார்.

1672இல் பிரான்சின் பதினான்காம் லூயி படையெடுத்து வந்தபோது கோட்டைக்குத் தன் பழைய தொழில் திரும்பக் கிடைத்தது. டச்சுக்காரர்கள் மதகுகளைத் திறந்து, மவுடன் தொடங்கி இந்த ஆற்று முனை வரை வயல்களை மூழ்கடித்தார்கள். நீர் முழங்காலைத் தொட்டது. அணிவகுத்து நடக்க ஆழம் அதிகம், சுமை ஏற்றிய படகு விட ஆழம் போதாது. பள்ளம் எங்கே, வாய்க்கால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. குடியானவர்கள் தங்கள் நிலம் மூழ்குவதை எளிதில் சகிக்கவில்லை. சில இடங்களில் சிப்பாய்களை நிறுத்தித்தான் மதகைத் திறக்க வேண்டியிருந்தது. ஹாலந்து தப்பித்தது.

தெற்கே லிம்பர்க்கில் அந்த வசதி இல்லை. நெதர்லாந்தில் குன்றின்மேல் நின்ற ஒரே கோட்டை வால்கன்பர்க் அங்கேதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடக்கூடாது என்று அதே 1672 டிசம்பரில் டச்சுத் தரப்பே அதை வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடிபாட்டையும், அதற்கடியில் மண்கல் வெட்டியெடுத்த குகைகளையும், 1937இல் வெளிப்பட்ட இரகசியச் சுரங்கப் பாதைகளையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)